கஷ்டம் வந்தப்புறம்தான் சாமி ஞாபகம் வருது, இப்போ போய் கும்பிடலாமா?

நீங்க எழுதினதை ரெண்டு மூணு தடவை படிச்சேன் தம்பி. காலேஜ் போனதுல இருந்து கோயில் பக்கமே எட்டிப் பாக்கல, அம்மா விளக்கேத்தும்போது கூட கிண்டல் பண்ணியிருக்கேன், இப்போ அஞ்சு மாசமா வேலை இல்ல, அப்பாவுக்கு கிட்னி போய் டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு, ராத்திரி தூக்கம் வரல, எழுந்து கும்பிடலாம்னு தோணுது, ஆனா நல்லா இருந்தப்போ நினைக்காதவன் இப்போ கை நீட்டினா அது சுயநலம்தானே, அதுவுமில்லாம எப்படி வேண்டறதுன்னே தெரியலன்னு கேட்டிருக்கீங்க.

தாராளமா கும்பிடுங்க. கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. நான் பண்ருட்டிப் பக்கம் வளர்ந்தவன், சின்ன வயசுல ஒரு ஓதுவார் ஐயாகிட்ட பல வருஷம் தேவாரம் பாடம் கேட்டவன், அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில சொல்றேன். நீங்க வேற சாமி கும்பிடற வீடா இருந்தாலும் பரவால்ல, விஷயம் ஒண்ணுதான்.

எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரத்துல திருவதிகை, கெடிலம் ஆத்தங்கரையில வீரட்டானேஸ்வரர் கோயில். நீங்க கேட்ட கேள்வியோடவே ஒருத்தர் சுமார் 1400 வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கோயில் வாசல்ல வந்து நின்னிருக்காரு. அப்பர் சுவாமிகள், திருநாவுக்கரசர். பேரு தெரிஞ்சிருக்கும், ஆனா அவர் எப்படி சாமிகிட்ட வந்தார்ங்கிறதை பொறுமையா யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

திருவாமூர்தான் அவர் பிறந்த ஊர், அப்பா அம்மா வெச்ச பேரு மருள்நீக்கியார். சின்ன வயசுலயே அப்பா போயிட்டாரு, பின்னாடியே அம்மாவும் போயிட்டாங்க. அக்கா திலகவதியாருக்கு நிச்சயம் பண்ணியிருந்த கலிப்பகையார் போர்ல இறந்துட்டாரு, அக்காவும் உயிரை விடப் போனப்போ தம்பி அழுது கால்ல விழுந்து தடுத்தாரு, தம்பிக்காக அவங்க உயிரோட இருந்தாங்க. அப்புறம் தம்பி உலகம் நிலையில்லன்னு தேடிக்கிட்டே போய் சமணத்துல சேர்ந்து நிறைய படிச்சு, இன்னைக்கு கடலூர்ல இருக்கிற திருப்பாதிரிப்புலியூர்ல தருமசேனர்ங்கிற பேரோட பெரிய தலைவரா இருந்தாரு. அக்கா திருவதிகையில ஒரு மடத்துல தங்கி, தினமும் கோயிலைக் கூட்டி மெழுகி பூ கட்டிப் போட்டுக்கிட்டு, தம்பி திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டே இருந்தாங்க. எத்தனையோ வருஷம்.

அப்போதான் அவருக்கு சூலை நோய் வந்துச்சு. வயித்துக்குள்ள குடலை முறுக்கிப் பிழியற வலி. கூட இருந்தவங்க மந்திரம் சொன்னாங்க, மயில் பீலியால தடவினாங்க, வலி ஏறிக்கிட்டே போச்சு. அந்த நேரத்துல அவருக்கு யார் ஞாபகம் வந்துச்சு தெரியுமா, அக்கா ஞாபகம். சமையல்காரரை ராத்திரியில ரகசியமா அனுப்பி விட்டாரு. நான் அங்க வரமாட்டேன்னு அக்கா சொல்லிட்டாங்க. அவர் உடனே போட்டிருந்ததை எல்லாம் கழட்டிப் போட்டுட்டு, வெள்ளைத் துணி உடுத்திக்கிட்டு, யாருக்கும் தெரியாம இருட்டுல கிளம்பி திருவதிகை வந்து அக்கா கால்ல விழுந்து, வலி தாங்கல, வழி சொல்லுன்னு கேட்டாரு.

இந்த இடத்தை பெரியபுராணத்துல சேக்கிழார் சொல்லியிருக்கிற விதத்தை நான் நூறு தடவை படிச்சிருப்பேன், ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கும். இவ்வளவு நாள் எங்க போயிருந்த, இப்போ வலி வந்ததும் அக்கா ஞாபகம் வந்துச்சான்னு அந்த அம்மா ஒரு வார்த்தை கேக்கல. எழுந்திரு, அதிகையில இருக்கிறவரை வணங்குன்னு சொல்லி, அஞ்செழுத்தை ஓதி திருநீறு கொடுத்து, விடியறதுக்கு முன்னாடி திருப்பள்ளியெழுச்சி நேரத்துல துடைப்பத்தையும் சாணத்தையும் தோண்டியையும் தூக்கிக்கிட்டு எப்பவும்போல வேலைக்குக் கிளம்பினாங்க, அந்தப் போக்குலயே தம்பியையும் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு, பரிகாரம்னு ஒண்ணும் கேக்கல.

அங்க நின்னு அவர் பாடினதுதான் நாலாம் திருமுறையில, அதாவது சைவப் பாட்டுத் தொகுப்புல நாலாவதுல, முதல் பதிகம் (பத்துப் பாட்டு சேர்ந்த தொகுதி), கொல்லிங்கிற பண்ணுல, "கூற்றாயினவாறு விலக்ககிலீர்". கூற்றுன்னா எமன். எமன் மாதிரி இந்த வலி வந்திருக்கு, நீங்க விலக்க மாட்டேங்கறீங்கன்னு ஆரம்பிக்கிறாரு. முதல் வரியே புகார் தம்பி. அடுத்த வார்த்தை "கொடுமை பல செய்தன நான் அறியேன்". தெரிஞ்சு இவ்வளவு கொடுமை நான் பண்ணலயேன்னு. கடைசியில "ஆற்றேன் அடியேன்", என்னால தாங்க முடியல. புகழ்ந்து பாடி சாமியை குளிர வெச்சுட்டு அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வர்ற கதையெல்லாம் இல்ல, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கே வந்துட்டாரு.

அடுத்த பாட்டு இன்னும் மேல போகும். "வஞ்சம் இது ஒப்பது கண்டறியேன்", இப்படி ஒரு வஞ்சத்தை நான் பார்த்ததே இல்ல. அப்புறம் "அஞ்சேலும் என்னீர்". பயப்படாதேன்னு ஒரு வார்த்தை கூட நீங்க சொல்ல மாட்டேங்கறீங்களே. வலியை நிறுத்தலன்னாலும் பரவால்ல, பயப்படாத நான் இருக்கேன்னு யாராவது சொன்னா போதும்னு இருக்கும் பாருங்க, ஹாஸ்பிடல் வராண்டாவுல ராத்திரி உக்கார்ந்தவங்களுக்கு அது தெரியும். இன்னொரு பாட்டுல, காவல் காக்கறவங்க பேச்சை மதிக்காம இருந்தேன், கரையில நின்னவங்க ஆழம் நீயே பாத்துக்கோன்னு தண்ணிக்குள்ள தள்ளி விட்டுட்டாங்க, இப்போ கால் ஊன இடம் தெரியலன்னு சொல்வாரு. வேலை போன மாசம் கையில காசில்லாம இஎம்ஐ மெசேஜ் வரும்போது மனசு எப்படி இருக்கும்னு நீங்க எழுதியிருந்தீங்களே, கால் தரையில படாத மாதிரி இருக்குன்னு. அதேதான்.

உங்களுக்குன்னே எடுத்து வெச்ச மாதிரி அதே பதிகத்துல இன்னொரு வரி இருக்கு. "சலம் பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடிசை பாடல் மறந்தறியேன், நலம் தீங்கிலும் உன்னை மறந்தறியேன், உன் நாமம் என் நாவில் மறந்தறியேன்". தண்ணியும் பூவும் தூபமும் நான் மறந்ததில்ல, உன் பேரு என் நாக்குல மறந்ததில்லன்னு. எனக்கு பதினாலு வயசு இருக்கும்போது ஐயாகிட்ட கேட்டுட்டேன், அத்தனை வருஷம் வேற சமயத்துல இருந்தவரு எப்படி மறக்கலன்னு பாடலாம், அது பொய் இல்லையான்னு. ஐயா கோபப்படல. மறந்தது புத்திடா, நாக்கு மறக்கல, சின்ன வயசுல அக்கா கூட உக்கார்ந்து சொன்னது அடியில அப்படியே கிடந்துச்சு, வலி வந்து மேல இருந்ததை எல்லாம் தள்ளினதும் அது வெளியில தெரிஞ்சுதுன்னாரு. இதுக்கு வேற விதமா உரை சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா எனக்கு இதுதான் மனசுல நின்னுச்சு. உங்களுக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கும்பிடணும்னு தோணுதுன்னா, அம்மா ஏத்தின விளக்கு உங்களுக்குள்ள எங்கயோ அணையாம இருந்திருக்குன்னுதான் நான் எடுத்துக்கறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பெரியபுராணத்துல அக்கா வேண்டுதலுக்காக சிவனே சூலையைக் கொடுத்து அவரை இழுத்துக்கிட்டதா வரும். இதை வெச்சுக்கிட்டு உங்க அப்பாவுக்கு வந்த நோயும் உங்களைத் திருத்த சாமி அனுப்பினதுன்னு யாராவது சொந்தக்காரங்க சொன்னா காதுல வாங்காதீங்க. அப்பர் கதை அப்பருக்கு. அப்பா உடம்பு உங்களுக்கான தண்டனை கிடையாது.

சுயநலம்னு கேட்டீங்க இல்லையா, அதுக்கு கீதையில நேராவே பதில் இருக்கு, ஏழாவது அத்தியாயத்துல. என்னை வணங்குறவங்க நாலு வகைன்னு கண்ணன் சொல்லும்போது முதல்ல சொல்ற பேரே ஆர்த்தன், அதாவது துன்பத்துல தவிக்கிறவன். அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுக்க ஆசைப்படறவன், பொருள் வேணும்ங்கிறவன், ஞானி. ஞானியை உசத்தியா சொன்னாலும், இவங்க எல்லாருமே நல்லவங்கதான்னு ரெண்டே ஸ்லோகம் தள்ளி சொல்லிடறாரு. யாரையும் வெளியில நிறுத்தல.

அடுத்தது, பண உதவி கேக்கலாமா, வேலை கேக்கலாமான்னு ஒரு தயக்கம் உங்களுக்கு இருக்கு. ஏன் கேக்கக் கூடாது? திருவீழிமிழலையில பஞ்சம் வந்தப்போ அடியார்களுக்கு சோறு போட அப்பருக்கும், அவர் கூடவே இருந்த இன்னொரு தேவாரப் பாடகர் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு பீடத்துல கிடைச்சுது. அப்பர் மடத்துல சாப்பாடு நேரத்துக்கு முடிஞ்சிடும், சம்பந்தர் மடத்துல லேட்டாகும். என்னடான்னு பார்த்தா சம்பந்தருக்கு கிடைச்ச காசு கொஞ்சம் மட்டம், கடைக்காரங்க வட்டம், அதாவது மட்டக் காசுக்கான தள்ளுபடி, கழிச்சுத்தான் வாங்கறாங்க, மாத்திட்டு வர நேரம் ஆகுது. அவர் என்ன பண்ணாரு, "வாசி தீரவே காசு நல்குவீர்"னு பாடிட்டாரு. குறையில்லாத காசா குடுங்கன்னு நேரடியா கேட்டுட்டாரு! திருவாவடுதுறையில சம்பந்தரோட அப்பா யாகம் பண்ண பொன் வேணும்னு கேட்டப்போ கையில ஒண்ணும் இல்ல, அங்கயும் சாமிகிட்டதான் போனாரு. "இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும் உன கழல் தொழுதெழுவேன்"னு ஆரம்பிச்சு, "இதுவோ எமை ஆளுமாறு, ஈவதொன்று எமக்கில்லையேல், அதுவோ உனது இன்னருள்"னு முடிப்பாரு. நீ எங்களை ஆள்ற லட்சணம் இதுதானா, கொடுக்க ஒண்ணும் இல்லன்னா இதுதான் உன் அருளா. அப்பாவுக்காக ஒரு பிள்ளை கேக்கறது. ஆயிரம் பொன் வெச்ச கிழி, அதாவது துணி முடிப்பு, கிடைச்சுதுன்னு புராணம் சொல்லுது. உங்களுக்கும் அப்பாவுக்காகத்தானே.

இன்னொரு விதமான கூச்சமும் உங்க எழுத்துல தெரியுது, வேலை போனதுல என் தப்பும் இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டு அப்படியே விட்டுட்டீங்க. என்ன தப்புன்னு நான் கேக்கல. தன் தப்பால வந்த கஷ்டத்துக்கு சாமிகிட்ட போக முகம் இருக்குமாங்கறதுதான் கேள்வின்னா, தேவாரம் பாடின இன்னொருத்தர் சுந்தரர் கதையைப் பாருங்க, அதுவும் நீங்க அம்பத்தூர் பக்கம் இருக்கேன்னு சொன்னதால இது உங்க ஊர்க் கதையே. திருவொற்றியூர்ல சங்கிலியாரைக் கல்யாணம் பண்ணும்போது உன்னை விட்டுப் போகமாட்டேன்னு சாமி சாட்சியா சத்தியம் பண்ணிட்டு, கொஞ்ச நாள்ல திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பிட்டாரு. ஊர் எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போச்சு. முழுக்க அவர் தப்பு, அவருக்கே தெரியும். ஆனா அப்போ பாடறாரு, "அழுக்கு மெய்கொடு உன் திருவடி அடைந்தேன்". அழுக்கோடதான் வந்திருக்கேன்னு ஒத்துக்கறாரு. உடனே ஒரு உவமை, "பிழுக்கை வாரியும் பால் கொள்வர்". மாடு சாணி போட்டா அதை வாரிக் கொட்டிட்டு பாலைக் கறந்துக்கறது இல்லையா, சாணி போட்டுச்சேன்னு பாலை யாராவது வேணாம்பாங்களா? மாட்டுக் கொட்டகை வாசனையோட ஒரு பிரார்த்தனை. அதே பாட்டுலதான் "வழுக்கி வீழினும் திருப்பெயர் அல்லால் மற்று நான் அறியேன் மறுமாற்றம்"னு வரும், வழுக்கி விழும்போது கூட உன் பேரைத் தவிர வேற வார்த்தை எனக்கு வராது.

அங்கருந்து தட்டுத் தடுமாறி திருமுல்லைவாயில் வந்தாரு. உங்க வீட்ல இருந்து பக்கம்தான், மாசிலாமணீஸ்வரர் கோயில். அங்க ஒவ்வொரு பாட்டும் "அடியேன் படுதுயர் களையாய் பாசுபதா பரஞ்சுடரே"ன்னு முடியும். அப்புறம் திருவெண்பாக்கம், பூண்டி ஏரி கட்டினப்போ பழைய கோயில் இருந்த இடம் தண்ணிக்குள்ள போயிட்டதால இப்போ பூண்டியில வேற இடத்துல இருக்கு. அங்க கோயில் வாசல்ல நின்னு உள்ள இருக்கீரான்னு கேட்டாரு. உள்ள இருந்து பதில் வந்துச்சு, "உளோம் போகீர்". இருக்கோம், நீர் போம். கையில ஒரு ஊன்றுகோல் கிடைச்சுது. கண்ணு கிடைக்கல, கோல்தான் கிடைச்சுது.

இதை நான் அடிக்கடி யோசிப்பேன் தம்பி. கேட்டது கண்ணு, கிடைச்சது ஒரு குச்சி. அதை ஊனிக்கிட்டு காஞ்சிபுரம் வரைக்கும் நடந்தாரு, ஏகம்பத்துல ஒரு கண்ணு கிடைச்சுது. இன்னொரு கண்ணு திருவாரூர்லதான். அந்தத் திருவாரூர் பதிகத்துல அவருக்கு கோபம் வந்துடுச்சு. "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிக வாடி", பத்திக்காத நெருப்பு மாதிரி உள்ளயே புகைஞ்சுக்கிட்டு முகம் வாடி உங்க அடியார் வந்து கஷ்டத்தைச் சொன்னா நீங்க சும்மா உக்கார்ந்திருப்பீங்க, "வாழ்ந்து போதீரே". நல்லா இருங்க போங்கன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க மனசு வெறுத்துப் போய் சொல்வாங்க இல்லையா, அந்தத் தொனி. சாமியைப் பார்த்து இப்படிச் சொன்னதை நம்ம முன்னோர்கள் ஒளிச்சு வெக்கல, திருமுறையில ஏழாவதா வெச்சு ஆயிரம் வருஷமா கோயில்லயே பாடிக்கிட்டு வர்றாங்க. அதனால கோபம் வந்தா கோபத்தோடவே போங்க, அழுகை வந்தா அழுங்க. மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வாயில ஒண்ணு சொன்னாதான் தப்பு.

மூளாத் தீ மாதிரி உள்ள புகையறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன், தூக்கம் வரலன்னு எழுதியிருக்கீங்க. சாமிகிட்ட சொல்ற மாதிரி ஒரு மனுஷங்ககிட்டயும் சொல்லுங்க, ஃப்ரெண்டு, அண்ணன், யாரா இருந்தாலும். யாரும் இல்லன்னா 14416ன்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அப்பரே முதல்ல அக்காகிட்டதான் போனாரு, அப்புறம்தான் கோயிலுக்கு.

டயாலிசிஸ் பத்தி ஒண்ணு சொல்லணும், இதை தயவு செஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க. வேண்டுதல் வெச்சிருக்கோம், எல்லாம் விதிப்படிதான் நடக்கும்னு சொல்லி சிகிச்சையை நிறுத்தினவங்களை என் கண்ணால பார்த்திருக்கேன். திருச்செங்கோட்டுல சம்பந்தர் கூட இருந்தவங்களுக்கு எல்லாம் பனிக்காலத்துல நடுக்கற ஜுரம் வந்துச்சு, அவர் பாடினதுதான் திருநீலகண்டப் பதிகம். அதுல முதல் பாட்டுலயே, அந்த வினைக்கு இந்த வினைன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்களே, "உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே"ன்னு கேக்கறாரு. பிழைக்கிற வழியைத் தேடாம சும்மா இருக்கறது உங்களுக்கு குறை இல்லையான்னு. விதின்னு உக்காராதேன்னு சொல்ற பாட்டுதான் அது. அதனால வாரத்துக்கு எத்தனை தடவை டாக்டர் சொன்னாரோ அத்தனை தடவை கூட்டிட்டுப் போங்க, தண்ணி அளவு உப்பு அளவு எல்லாம் அவங்க சொன்னபடி. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் வருது, அட்டை இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சு எடுங்க, அரசு ஆஸ்பத்திரிகள்லயும் பண்றாங்க. வேலை கிடைக்கிற வரைக்கும் இதுல நிறைய மிச்சமாகும்.

இன்னொண்ணு, நீங்க கஷ்டத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சா பரிகாரம், தோஷ நிவர்த்தின்னு பதினஞ்சாயிரம் இருபதாயிரம் கேட்டு ஆள் வரும். கடன் வாங்கி ஒரு பைசா கொடுக்காதீங்க. திருமூலர் சொன்னது "யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை". ஒரு இலை போதும்னு அவரே சொன்னப்புறம் மேல கேக்க யாருக்கு உரிமை இருக்கு? எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப ஆத்திரம் வரும், பயந்து போனவங்க பாக்கெட்டுல கை விடறது அவ்வளவு பெரிய பாவம்.

சரி, வேண்டினா கேக்குமா. இதுக்கு நான் உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லணும். எங்க அம்மாவுக்கு உடம்பு முடியாம பதினொரு நாள் ஐசியூல இருந்தாங்க. வெளிய வராண்டாவுல நாங்க நாலஞ்சு குடும்பம், பக்கத்துல ஒரு பாய் வீட்டு அம்மா கையில தஸ்பீஹ் ஜெபமாலையை உருட்டிக்கிட்டே இருப்பாங்க, எதிர்ல ஒருத்தர் பைபிளை மூடி மடியில வெச்சுக்கிட்டு கண்ணை மூடி உக்கார்ந்திருப்பாரு, யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டுக்க மாட்டோம், டீ வாங்கினா எல்லாருக்கும் சேர்த்து வாங்கிட்டு வருவோம். அத்தனை வருஷம் பாடம் கேட்டவனுக்கு ஒரு முழு பாட்டு வாயில வரல. "ஆற்றேன் அடியேன்", இந்த ரெண்டு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. அம்மா வீட்டுக்கு வரல. நான் கேட்டது கிடைக்கல.

அதுக்கப்புறம் ஏழெட்டு மாசம் நான் பாடவே இல்ல. குலசேகர ஆழ்வார் வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பாடினது ஒண்ணு, அந்த ஊர் இப்போ கேரளாவுல பாலக்காடு ஜில்லாவுல இருக்கு, அதுதான் என்னைத் திரும்பக் கூட்டிட்டு வந்துச்சு. "அரிசினத்தால் ஈன்ற தாய் அகற்றிடினும் மற்றவள் தன் அருள் நினைந்தே அழும் குழவி". அம்மா கோபத்துல அடிச்சுத் தள்ளி விட்டா குழந்தை எங்க போகும், அழுதுக்கிட்டே அதே அம்மா முந்தானையைத்தான் பிடிக்கும். ஏன் அடிச்சான்னு அதுக்குத் தெரியாது, ஆனா அழ வேற மடி இல்ல. எனக்கு ஏன்ங்கிறதுக்கு பதில் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. பதில் கிடைச்சதால நான் திரும்பிப் போகல, அழறதுக்கு வேற இடம் இல்லாம போனேன். அந்தப் பதினோரு நாள்ல நான் உடையாம மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு ஓடினேன், அப்பாவைச் சாப்பிட வெச்சேன், தம்பி தங்கச்சிகிட்ட எரிஞ்சு விழல, அது என் பலம் இல்லன்னு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். சுந்தரருக்குக் கிடைச்ச ஊன்றுகோல் மாதிரி ஏதோ ஒண்ணு எனக்கும் கையில இருந்துச்சு.

அப்பர் கதையில கடைசியா ஒண்ணு. அவருக்கு சூலை தீர்ந்துச்சு, நாவுக்கரசுன்னு பேரும் கிடைச்சுது, ஆனா கஷ்டம் அதோட முடியல. பல்லவ மன்னன் ஆணையில நீற்றறையில, அதாவது கொதிக்கிற சுண்ணாம்புக் காளவாயில, ஏழு நாள் வெச்சாங்க, யானையை ஏவி விட்டாங்க, கல்லுல கட்டிக் கடல்ல தள்ளினாங்க. யானை வந்தப்போ பாடினதுதான் நாலாம் திருமுறையில ரெண்டாவது பதிகம், அதுவும் அதே அதிகை சாமி மேலதான். அதுல ஒவ்வொரு பாட்டும் முடியற இடம் "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை". முதல் பதிகத்துல பயப்படாதேன்னு கூட சொல்ல மாட்டேங்கறீங்களேன்னு அழுதவரு, அடுத்த பதிகத்துல பயப்பட ஒண்ணுமே இல்லங்கறாரு. ஏடு புரட்டினா அடுத்தடுத்து இருக்கு ரெண்டும். நடுவுல யாரு எப்போ அவர்கிட்ட அஞ்சேல்னு சொன்னாங்கன்னு எந்தப் பாட்டுலயும் இல்ல. ரெண்டாவதை பாட ஆசைப்படறவங்க நிறைய பேர், எல்லாரும் முதல்ல இருந்துதான் வரணும் போல இருக்கு.

எப்படிக் கும்பிடறதுன்னு கேட்டீங்க. ராத்திரி முழிப்பு வந்ததும் போனை எடுக்காதீங்க, முகம் கழுவிட்டு விளக்கு முன்னாடி உக்காருங்க, விளக்கு ஏத்தணும்னு கூட அவசியம் இல்ல. திருநீறு பூசற பழக்கம் இருந்தா பூசிக்கோங்க. நடந்ததைச் சொல்லுங்க, அம்மாகிட்ட சொல்ற மாதிரி, இன்னைக்கு இன்டர்வியூ போனேன், கிடைக்கல, அப்பாவுக்கு ஊசி போடற இடத்துல கை வீங்கியிருக்கு, எனக்கு பயமா இருக்கு. இது போதும். எனக்கு இதைச் செஞ்சா உனக்கு அதைச் செய்யறேன்னு பேரம் பேச வேணாம், அந்த வழி எனக்கு ஒட்டல, பின்னாடி அதுவே ஒரு கடன் மாதிரி மனசுல உறுத்தும். சொல்ல ஒண்ணும் வரலன்னா நமச்சிவாயன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருங்க, இல்ல உங்க வீட்ல எந்தப் பேரோ அந்தப் பேரு. அப்பர் கல்லோட கடல்ல கிடந்தப்போ சொன்னதும் "நற்றுணையாவது நமச்சிவாயவே"தான். கண் அசந்து தூங்கிட்டா அப்படியே தூங்குங்க.

அம்மாகிட்ட பழைய கிண்டலுக்கு மன்னிப்பு எல்லாம் கேக்க வேணாம், ஒரு நாள் சாயங்காலம் விளக்கேத்தும்போது பக்கத்துல போய் நில்லுங்க, அவங்களுக்குப் புரிஞ்சிடும். அவங்க உங்களுக்காக எத்தனை வருஷமா வேண்டிக்கிட்டு இருக்காங்களோ.

ஞாயித்துக்கிழமை முடிஞ்சா காலையில திருமுல்லைவாயில் போங்க, கூட்டம் இல்லாத நேரமா. அப்பா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணுங்க, நட்சத்திரம் தெரியலன்னா பேரு மட்டும் சொன்னா போதும், காசு இல்லன்னா அர்ச்சனையும் வேணாம், நின்னு பார்த்துட்டு வாங்க. அப்பா பேரை எனக்கும் தனியா ஒரு மெசேஜ்ல அனுப்புங்க தம்பி, நான் வர்ற திங்கக்கிழமை அதிகை போறேன், அங்க சொல்லிட்டு வர்றேன்.